பார்த்தாச்சு

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவன் ஜப்பான் போய்விட்டு வந்தான். கம்பெனி வேலையாகப் போனவன், அதோடு நான்கு நாள் லீவு போட்டு ஊர் சுற்றியிருக்கிறான். வந்த மறுநாளே என் வீட்டுக்கு வந்து, செல்போனைக் கையில் திணித்தான். மொத்தம் 1,400 போட்டோ. ஒன்று விடாமல் பார்த்தே ஆக வேண்டுமாம். நட்புக்காக எதை எதையோ தாங்கிக்கொள்கிறோம், இதைத் தாங்க மாட்டோமா?

அதில் பாதிக்குப் பாதி ஹிமேஜி என்ற ஊர். ஒரு கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர். நம்ம செஞ்சியும் வேலூரும் நினைவுக்கு வந்தன. வெள்ளை வெளேரென்று, இறக்கை விரித்த கொக்கு மாதிரி மேட்டில் நிற்கிறது கோட்டை. இன்றைக்கு நாம் பார்க்கிற உருவத்துக்கு அது வந்தது 1609-ல். 1945-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் ஊர் எரிந்து சாம்பலானது. கோட்டை மட்டும் எப்படியோ தப்பித்தது. 1993-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஒன்றில் நிறுத்தினேன். கோட்டை மதிலில் ஒரு கல். அதற்கு மட்டும் கம்பி வலை போட்டிருந்தார்கள்.

“இது என்னடா?”

“என்னமோ கல்லுடா. எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன்.”

எனக்கு அந்தக் கல்லின் கதை எங்கோ படித்த ஞாபகம். 16-ம் நூற்றாண்டில் ஹிதெயோஷி என்ற தளபதி அங்கே கோட்டை கட்டியபோது கல்லுக்குத் தட்டுப்பாடு வந்ததாம். தெருவில் பலகாரம் சுட்டு விற்றுப் பிழைத்த ஒரு கிழவி, தன்னிடம் இருந்த திருகைக் கல்லைத் தூக்கிக் கொடுத்தாளாம். அதைக் கேள்விப்பட்டு ஊரே கல் கொண்டுவந்து குவித்ததாம். நம் மதுரையில் புட்டு விற்ற வந்திக் கிழவியையும், வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் கேட்ட கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் எங்கே மதில் கட்டினாலும், எங்கே கரை கட்டினாலும், அடியில் ஒரு கிழவி இருப்பாள் போலிருக்கிறது.

கதையைச் சொன்னேன். நண்பன் கொஞ்சம் அசடு வழிந்தான். உடனே சமாளித்துக்கொண்டு, “எப்படியோ, ஒரு கிழவியோட கல்லைக்கூட பத்திரமா வச்சிருக்கான் பாரு. நம்ம ஊர்ல என்ன இருக்கு?” என்றான்.

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஜப்பான்காரர்கள் மட்டும் இடிக்காதவர்களா என்ன? 1873-ல் அரசே உத்தரவு போட்டு, கணக்கு வழக்கில்லாமல் கோட்டைகளை இடித்தார்கள், ஏலம் விட்டார்கள். பழைய நடுக்கோபுரத்தோடு இன்று அங்கே மிஞ்சியிருப்பவை பன்னிரண்டே பன்னிரண்டு. ஹிரோஷிமா கோட்டையின் கோபுரம் அணுகுண்டில் விழுந்து, 1958-ல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது.

“குன்னூர்ல ஒரு கோட்டை இருக்கு. வர்றியா?” என்றேன்.

“குன்னூர்லயா? பத்து தடவை போயிருக்கேன், கோட்டையெல்லாம் கிடையாதே.”

அப்படித்தான் நாங்கள் கிளம்பினோம்.

நீலகிரிக்கு இப்போது சும்மா போய்விட முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆனது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஒரு கோர்ட்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அளவுக்கு நாம் போயிருக்கிறோம். யார் வருகிறீர்கள், எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை நாள் என்று கேட்டார்கள். நண்பன் மளமளவென்று பூர்த்தி செய்தான். எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டிருந்தால் இருவரும் கொஞ்சம் விழித்திருப்போம்.

முதல் நாள் ஊட்டி. நம் ஆட்களுக்கு ஊட்டி என்பது சினிமாவில் பார்த்த ஊர். ‘மூன்றாம் பிறை’ வந்து (1982) நாற்பது வருடம் தாண்டிவிட்டது, இன்னமும் மலை ரயில் கேத்தி ஸ்டேஷனில் நின்றால் யாராவது ஒருவர் கமல் மாதிரி நடித்துக் காட்டுகிறார். அந்த ரயிலே ஓர் அதிசயம். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்தது. 46 கிலோமீட்டரில் 16 குகை, 250 பாலம். அந்தக் குகைகளைக் குடைந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

ஏரியில் படகு விட்டார்கள். “இது தானா உண்டான ஏரி இல்லடா, 1820-களில் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறிச்சு வெட்டினது” என்றேன். அவர் வீடு கட்ட நிலம் வாங்கியது தோடர்களிடம். ஏக்கர் ஒரு ரூபாய் என்று சொல்கிறார்கள். அந்தக் கல் பங்களா இன்றைக்கு அரசுக் கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது.

பிறகு ஸ்டீபன் சர்ச்சுக்குப் போனோம். 1829-ல் அடிக்கல் நாட்டி, மறு வருடமே பிரதிஷ்டை செய்த கோயில். நண்பன் ஒரு சுற்று வந்தான், நாலு போட்டோ எடுத்தான், “சரி, பார்த்தாச்சு, போலாமா?” என்றான்.

“மேலே பாரு” என்றேன்.

மேலே கனமான மர உத்தரங்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு சுல்தான் போரில் இறந்தார். அதற்குப் பிறகு அங்கே இருந்த அவருடைய அரண்மனையைப் பிரித்து எடுத்த மரங்கள்தான் இவை. யானைகளை வைத்து மலை மேல் இழுத்து வந்ததாகச் சொல்வார்கள். ஒரு கோட்டை ஊரின் கூரை இன்னொரு ஊரின் பிரார்த்தனைக்குக் கூரையாகிவிட்டது. தோற்றவன் வீட்டு உத்தரத்துக்குக் கீழே ஜெயித்தவர்கள் மண்டியிட்டு, சமாதானத்துக்காக ஜெபம் செய்திருக்கிறார்கள்.

நண்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போட்டோ எடுக்காமல் ஓர் இடத்தைப் பார்த்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஊரை உருவாக்கியவர் என்று பெயர் எடுத்தவருக்கும் இந்த மலை ஒரு விலை போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து தாவரவியல் பூங்கா. 1848-லிருந்து இருக்கிறது. பூங்காவின் மேல்பக்கத்தில் தோடர்களின் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, ஒன்று உண்டு. அங்கே ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய உறுத்தல் எழும்பும். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், கையில் புதுக் கேமரா வந்த ஜோரில் அந்த மந்துக்குப் போனேன். கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த போர்வை போர்த்தி ஒரு பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை. எடுக்கலாமா என்று கேட்கவில்லை. பூங்காவில் பூவை எடுத்தேன், புல்வெளியை எடுத்தேன், அதே கையோடு அவரையும் எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. முகத்தை மட்டும் மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் முகம் இல்லை, போர்வைதான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறோம். வேனில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கி, நம்மையும் நம் வேட்டியையும் படம் எடுத்துக்கொண்டு, “பார்த்தாச்சு, வா போலாம்” என்று ஏறிப் போனால் நமக்கு எப்படி இருக்கும்? 

அன்று ராத்திரி லாட்ஜில் டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு இதைப் பற்றிப் பேச்சு வந்தது. நண்பன் லேசில் விடவில்லை.

“நீ சொல்றது சரிதான்டா. ஆனா திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கிறவன், வருஷம் பூரா சீட்டு கட்டி, பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் குளிருக்கு வர்றான். அவன்கிட்ட போய், இந்த ஏரியை வெட்டினது யார், இந்த உத்தரம் எங்கேருந்து வந்ததுன்னு பாடம் நடத்துவியா? மனசு லேசாகத்தானே வர்றான்? ஏற்கெனவே பாரம் சுமந்துட்டு வர்றவன் தலையில சரித்திரத்தையும் ஏத்தணுமா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சந்தோஷமாக இருக்க யாரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. பூவை ரசிக்க அதைக் கொண்டுவந்த தோட்டக்காரரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட முடியாது. ஊட்டியின் அழகில் பாதி யாரோ இழந்ததில் முளைத்தது என்று எண்ணிக்கொண்டே நடந்தால், ஐஸ்கிரீம்கூடத் தொண்டையில் இறங்காது.

“டிக்கெட் வாங்கறோம், ரூம் வாடகை தர்றோம், வரி கட்டறோம். அதுக்கு மேல என்னடா கடன்?” என்றான் நண்பன்.

அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன். தூக்கம் வர ரொம்ப நேரமானது.

மறுநாள் கோட்டை. குன்னூரிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போய், கொஞ்ச தூரம் நடந்து ஏற வேண்டும். ‘துரூக்’ என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தது வேறு எதுவுமில்லை, துருக்கம்தான். கோட்டை என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் பகாசுரன் மலை என்கிறார்கள். 18-ம் நூற்றாண்டில் திப்புவின் ஆட்கள் காவலுக்கு வைத்திருந்த இடம். கீழே மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கிறது. எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரிந்துவிடும்.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மதில்.

எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பையன்கள் வந்திருந்தார்கள். மதிலில் சாய்ந்து, முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுத்தார்கள். நண்பன் சிரித்தான். “ஹிமேஜியில நானும் இதேதான்டா பண்ணேன்” என்றான். பிறகு மதிலின் அருகே போய்க் கல்லைத் தடவிப் பார்த்தான். “இதுல எந்தக் கிழவி கொடுத்த கல் இருக்கோ” என்றான்.

கிழவியை நாங்கள் இறங்கும் வழியில் பார்த்தோம். கிழவி என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், அறுபதைத் தொடுகிற வயதுதான்.

ரோட்டோரம் ஒரு கார் நின்றிருந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. அந்தப் பெண்ணுக்குக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ வேண்டும். “அக்கா, கூடையைக் கொஞ்சம் குடுங்க அக்கா, ஒரே நிமிஷம்” என்று கேட்டாள். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த அந்த அம்மா கொழுந்தைச் சாக்கில் கொட்டிவிட்டுக் கூடையைக் கொடுத்தார். “பட்டையைத் தோள்ல போடக் கூடாது கண்ணு, நெத்தியில போடணும்” என்று தானே மாட்டிவிட்டார். மாப்பிள்ளை கேமராவைத் தூக்கினார். “அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க, ஃப்ரேம்ல வர்றீங்க” என்றார். அவர் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. இருபது ரூபாய் கொடுக்கப் பார்த்தான், அவர் வாங்கவில்லை. கார் போய்விட்டது. போட்டோவில் கூடை இருக்கும், தேயிலை இருக்கும், மலை இருக்கும். நாற்பது வருடமாக அந்தக் கூடையைச் சுமந்தவர் இருக்க மாட்டார்.

நண்பன்தான் பேச்சுக் கொடுத்தான். “எந்த ஊரும்மா உங்களுக்கு?”

“இங்கதான் சார். பொறந்தது அட்டன் பக்கம். சிலோன். எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கதான் கொழுந்து எடுத்தாங்க. எனக்கு ஏழு வயசுல தலைமன்னார்ல கப்பல் ஏத்துனாங்க. மண்டபம் கேம்ப்ல இறக்கி, அங்கேருந்து இங்க. 74-ல வந்தோம்.”

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். மலையைத் திருத்திய மனிதர்களை யாரும் கூப்பிட்டு, நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்டபின் போட்ட கணக்கு இல்லை அது. வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியது. இன்று நாம் ‘வியூ பாயின்ட்’டில் நின்று, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது என்று சொல்கிறோமே, அந்தக் கம்பளத்தில் இவர்கள் நெய்த பகுதி கணிசமானது.

“அங்க இருந்தப்ப இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க” என்றார் அந்த அம்மா. குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார்.

“ஊட்டியில எல்லா இடமும் பார்த்திருப்பீங்களே?”

“பூங்காவுக்கு ஒரு தடவை போயிருக்கேன், புள்ளைங்க சின்னதா இருந்தப்ப. போட்டுல எல்லாம் ஏறினதில்ல சார். லீவு ஞாயித்துக்கிழமைதானே, அன்னைக்குத்தான் துணி தொவைக்கணும், சந்தைக்குப் போகணும்.” கொஞ்சம் நிறுத்தி, “பொறந்த தோட்டத்தை ஒரு தடவை பாக்கணும்னு ஆசை. மக சொல்றா, பாஸ்போர்ட் எடும்மா, டூரிஸ்ட் விசாவுல போயிட்டு வரலாம்னு. பொறந்த ஊருக்கு நான் டூரிஸ்ட்டா போகணுமாம்!” என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார்.

எங்களால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

நண்பனுடைய ராத்திரிக் கேள்விக்கு அங்கேதான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. டிக்கெட்டுக்கு மேல் என்ன கடன் என்றானே. சரித்திரம் படித்துவிட்டு வா என்று எந்த ஊரும் கேட்பதில்லை. திருப்பூர்த் தொழிலாளி தாராளமாக வரட்டும், படகில் ஏறட்டும், அவர் பிள்ளை பஞ்சுமிட்டாய் தின்னட்டும். ஆனால் ஒரு மனுஷனை ‘ஃப்ரேம்’ விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லும்போதும், ஒரு பெரியவரைப் பூச்செடியோடு சேர்த்துப் படம் எடுக்கும்போதும், நாம் மலையையும் முழுசாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஊர் என்பது அங்கே இருக்கிறவர்களையும் சேர்த்துத்தான். அவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் நாம் பார்த்தது வெறும் காலண்டர் படம்.

இன்னொன்றும் தோன்றியது. உத்தரத்தின் கதையைக் கேட்ட பிறகு நண்பனுக்கு அந்தச் சர்ச்சு பாரமாகிவிடவில்லை. அவன் அதிகமாகத்தான் ரசித்தான். சந்தோஷத்தைக் கெடுக்கும் என்று பயந்துதான் நாம் பல விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறோம். தெரிந்தால் சந்தோஷம் கொஞ்சம் நிதானமாகிறது, அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு நண்பனிடமிருந்து போன்.

“ஏண்டா, ஹிமேஜி கிழவிக்குப் பேர் உண்டா?”

“தெரியலையேடா. பலகாரம் வித்த கிழவின்னுதான் கதையில இருக்கு.”

“சரி, அவங்க பேர்தான் நானூறு வருஷத்துக்கு முன்னாடி தொலைஞ்சு போச்சு. அந்த டீத்தோட்டத்து அம்மாகிட்ட அரை மணி நேரம் நின்னு பேசினோமே, பேர் கேட்டியா?”

கேட்கவில்லை. அவர் கதை முழுக்கக் கேட்டோம், ஊர் கேட்டோம், வருஷம் கேட்டோம். இதை எழுதுகிற நானும் கேட்கவில்லை, கோட்டைச் சுவரைத் தடவிப் பார்த்து உருகிய அவனும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் திரும்பவும் போகலாம் என்று பேசியிருக்கிறோம். நீங்கள் எங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் போனால், போட்டோவுக்குக் கூடை கேட்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள்.